ஈவும் மீதியும்

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. எட்டு மாதங்களாக அதை அழிக்கவும் மனம் வரவில்லை, யாருக்கும் அனுப்பவும் மனம் வரவில்லை. ஓடு வேய்ந்த ஒரு தொடக்கப் பள்ளியின் வராந்தா. மேலே கட்டிய காகித நட்சத்திரம் காற்றில் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். உறைக்குள் கிறிஸ்துமஸ் உடுப்பு. பின்னால் தலைமையாசிரியை, ஐயரவர்கள் (எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் முதலில் குழம்புவார்கள்), சபை மூப்பர் ஒருவர், ஓரத்தில் நான். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் பெண் மட்டும் குனிந்து கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தை அனுப்பிய தலைமையாசிரியை, “அவள் கொஞ்சம் வெட்கப்படுவாள்” என்று கூடவே எழுதியிருந்தார். அது வெட்கம் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் நான் அதே வராந்தாவில் நின்ற கதையைச் சொல்லியாக வேண்டும்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். சிவந்த மணல், பனை, நடுவில் வெள்ளைக் கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். கோயில் மணியும் பள்ளி மணியும் ஒன்றுதான், அடிக்கிற விதம்தான் வேறு. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் தந்தது. சுவரும் கூரையும் பெஞ்சும் ஊராரின் கைக்காசு. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் யாராவது ஒரு பெரியவரின் பெயர் இருக்கும். காமராசர் காலத்தில், 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் தமிழ்நாடு முழுக்க மக்கள் கரும்பலகையும் மணியும் கடிகாரமுமாகக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் பள்ளிகளுக்கு அந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெரிய சொல் பாடப்புத்தகத்தில் இருந்தது அல்ல. பெஞ்சில் இருந்தது: ‘ஞாபகார்த்தமாக’.

அமுல் டப்பா

வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் டப்பா வரும். மூடியில் உளியால் வாய் கீறிய அமுல் பால் பவுடர் டப்பா. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை கோயிலுக்கு, இது பள்ளிக்கூடத்தின் சொந்தத் தர்மப் பெட்டி. ஐந்தாம் வகுப்பு டீச்சர் அதை எடுத்துக்கொண்டு தானே பெஞ்சு பெஞ்சாக வருவார். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கமாட்டார், எழுதமாட்டார். டப்பாவை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ‘உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது’ என்பது அந்த வருடம் எங்கள் மனப்பாட வசனங்களில் ஒன்று. கையை மூடிக்கொண்டுதான் போட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

கைக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். அது 1987. சதுரமான ஐந்து பைசாவும், விளிம்பு பூப்போல வளைந்த பத்து பைசாவும், அறுகோண இருபது பைசாவும் அலுமினியம், விழுந்தால் ‘டக்’ என்று ஒரு சோகை பிடித்த ஓசை. நாலணா அப்படியில்லை, ‘ணங்’ என்று டப்பாவே சிலிர்த்துக்கொள்ளும். கடைக்கார அண்ணாச்சியின் மகன் போடும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். என்னுடையது எப்போதும் ‘டக்’. அம்மா சுருக்குப்பையிலிருந்து எடுத்துத் தரும் பத்து பைசா. போகிற வழியில் ஒரு தேன்மிட்டாய்க்கு அது சரியாகப் போதும் என்கிற நினைப்போடுதான் ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிக்கூடம் போவேன். எனக்குத் தெரிந்த தியாகம் அந்தத் தேன்மிட்டாய் அளவுதான்.

டப்பா சுற்றி முடிந்ததும் கணக்குப் பாடம் தொடங்கும். டீச்சர் காசை மேஜையில் கொட்டுவார். ஐந்து பைசா எத்தனை, பத்து எத்தனை, பெருக்கு, கூட்டு. போன வாரத்தைவிட எவ்வளவு கூடுதல், கழி. முப்பத்தெட்டு பேர் போட்டது இவ்வளவு என்றால் ஒருவருக்குச் சராசரி எவ்வளவு. ரூபாய் பைசாக் கணக்கு என்றால் நடுங்குகிற பிள்ளைகள்கூட அந்தக் கால்மணி நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காசு கண்முன்னால் கிடந்தது, காரணம் அதுதான். பாடநூலில் வரும் ராமுவும் சோமுவும் வாங்கிய மாம்பழத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பிறகு எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் செயல்வழிக் கற்றல் என்று கேட்டிருக்கிறேன். பேரே தெரியாமல் அதைச் செய்துகொண்டிருந்தவர் எங்கள் டீச்சர். அவர் நல்லவர். இந்தக் கட்டுரையின் எந்த வரியிலாவது அது மறந்துபோனதுபோலத் தோன்றினால், குறை என் எழுத்தில்தான்.

டோர்னக்கலுக்குப் போன அரிசி

ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் டோர்னக்கலில் என்று சொல்லியிருப்பேன். வகுப்புச் சுவரில் இந்தியப் படம் தொங்கியது. அதில் ஆந்திராவுக்குள் ஓரிடத்தில் டீச்சர் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உண்டானது, எங்களுக்கு அடுத்தடுத்த ஊர்போல இருக்கும் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா அதை முன்னின்று தொடங்கினார், சங்கம் டோர்னக்கலைப் பணித்தளமாக எடுத்துக்கொண்டது, 1912-இல் அவரே அங்கே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இவையெல்லாம் எங்களுக்குச் சரித்திரப் பாடம் இல்லை, ஊர்ப் பெருமை. வெள்ளைக்காரர் பணத்தில் அல்லாமல் நம் பணத்தில், நம் ஆட்களைக் கொண்டு, நம் நிர்வாகத்தில் என்பது அந்தத் தலைமுறையின் வீம்பு. எனக்கு அந்த வீம்பு இன்றைக்கும் பிடிக்கும்.

வீம்புக்குப் பணம் வேண்டுமே. அது அடுப்படியிலிருந்து வந்தது. உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள் அம்மா. அதுதான் பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். வீட்டில் நாழி அரிசி இருந்தாலும் ஒரு பிடி, உழக்கு இருந்தாலும் ஒரு பிடி, பிடி மட்டும் சிறுக்காது. இன்னும் பின்னால் போனால் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம் வரை இந்தக் கொடுக்கும் பழக்கம் நீளும். ஆக நான் பிறந்தது கொடுக்கிறவர்களின் ஊரில். எங்கள் வீட்டு அரிசி ரயிலேறி டோர்னக்கல் சந்திப்பில் இறங்குவதாகவும், அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி அதைச் சோறாக்கிச் சாப்பிடுவதாகவும் நினைத்துக்கொள்வேன். அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுவேன். பரிதாபப்படுவதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை ஒன்பது, பத்து வயதிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு நானே சாட்சி.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைமை என்ன என்பதை, சொன்னால் சிரிப்பீர்கள், நான் கவனிக்கவே இல்லை. அப்பா பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். ஆனி மாதத்தோடு மணியார்டர் நின்றுபோயிருந்தது. ஆடி கழிந்தால் பதநீர் வற்றிவிடும், கருப்பட்டி காய்ச்சும் கூலி வேலையும் நிற்கும். அம்மா ஓலைப்பெட்டி முடைந்து சந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டில் கஞ்சி வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. கஞ்சி எனக்குப் பிடிக்கும், அதனால் தெரியவில்லை. தபால்காரருக்குத் தெரிந்திருந்தது. தபால்காரர் வீடு டீச்சர் வீட்டுக்கு அடுத்த வீடு.

தையல்கடை

டிசம்பர் முதல் வெள்ளி. டீச்சர் கரும்பலகையில் ரூ.112.50 என்று எழுதினார். ஜூனிலிருந்து இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகளின் சேர்மானம். “இந்தப் பணத்தில் இல்லாதப்பட்ட மூன்று பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு எடுக்கப்போகிறோம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வரும்? யார் செய்வது?” நான் கையைத் தூக்கினேன். கணக்கு எனக்கு வரும். சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, பதினொன்றில் மூன்று முறை, மீதி இரண்டு, இருபத்திரண்டில் ஏழு முறை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.

“வகுபடும் எண்?”

“நூற்றுப் பன்னிரண்டு ஐம்பது.”

“வகுக்கும் எண்?”

“மூன்று.”

“ஈவு?”

“முப்பத்தேழு ஐம்பது.”

“மீதி?”

“மீதி இல்லை டீச்சர்.”

வகுப்பு கை தட்டியது. டீச்சரும் தட்டினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவை நீட்டும்போது திரும்புவாரே, அதேபோல ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. டோர்னக்கலில் மூன்று பேருக்கு உடுப்பு என்று சந்தோஷமாக இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலையில் டீச்சர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார், கடைத்தெருவில் தையல்கார அண்ணாச்சியிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வரும்படி. எதற்கு என்று அம்மாவும் சொல்லவில்லை, “போய்விட்டு வா” என்றாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர் வேடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அங்கி என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அண்ணாச்சி நாடாவைத் தோளில் வைத்தார், இடுப்பில் வைத்தார், காதில் செருகியிருந்த பென்சிலால் எழுதினார். பாவாடை சட்டைக்கு அளவெடுக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஆசை பெருகிவிட்டது. கையில் பஃப் வைத்துத் தைப்பீர்களா என்று கேட்டேன். அவர் பல்லில் குண்டூசியைக் கடித்தபடி சிரித்தார். “பஃப் வைத்தால் துணி கூடப் பிடிக்குமே, மகளே. துணியும் கூலியும் சேர்த்து முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசுக்குள் முடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள்.”

முப்பத்தேழு ஐம்பது.

அந்த எண்ணை அவர் வாயிலிருந்து கேட்ட நிமிடத்தை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அவமானம் என்று சொல்லிவிடலாம். அது பின்னால் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். முதலில் வந்தது வேறு. என் கையால் எழுதிய விடை, என் வாயால் சொன்ன ஈவு, அது என்னைத் தேடிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் வந்திருந்தது. வகுத்தல் கணக்கில் ஈவு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று டீச்சர் ஒருநாள் சொல்லியிருந்தார்: ஈதல், ஈவு, ஈவு இரக்கம், எல்லாம் ஒரே வேர், பங்கிட்டுக் கொடுப்பது. கொடுக்கிற சொல் என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருந்தேன். மேசையின் இந்தப் பக்கத்தில் நிற்பவளுக்கும் அதே சொல்தான் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் மனக்கணக்குப் போட்டேன். அது என் சுபாவம், இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் எதையாவது கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். வாரம் பத்து பைசா வீதம் இருபத்திரண்டு வாரம், இரண்டு ரூபாய் இருபது காசு நான் போட்டது. அது மூன்று உடுப்பிலும் பிரிந்திருக்கும். இருநூற்றிருபதை மூன்றால் வகுத்தால் எழுபத்து மூன்று. என் பாவாடை சட்டையில் எழுபத்து மூன்று பைசா என்னுடையது. மற்ற இரண்டு பேரின் உடுப்பிலும் எழுபத்து மூன்று, எழுபத்து மூன்று. மீதி ஒரு பைசா. அந்த ஒரு பைசா எங்கே போயிருக்கும் என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உடுப்பு தைத்து வந்தபோது மடியில் போட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். “உள்மடிப்பு தாராளமாக விட்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு இறக்கிக்கொள்ளலாம்” என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு சின்னக் கொட்டான் முடைந்து, அதில் சில்லுக்கருப்பட்டி அடுக்கி, டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள். டீச்சர் கொட்டானை வாங்கிக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நாலு முருங்கைக்காயைச் செருகி அனுப்பினார். முருங்கைக்காயைக் கண்டதும் அம்மா முகம் தெளிந்தது. அவள் கணக்கு அந்த இடத்தில் நேராகிவிட்டது. என்னுடையது நேராகவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்து முதல் வெள்ளி, டப்பா வந்தது. வாங்கியவள் போடலாமா என்று எனக்குச் சந்தேகம். போட்டேன். உடுப்பு வாங்கிய மற்ற இருவரில் ஒருவன் எனக்குப் பின்பெஞ்சு. அவனிடம் காசு இல்லை. டப்பா அவனிடம் வந்தபோது மூடிய கையை வாய்க்கு நேராகக் கொண்டுபோய், கட்டைவிரல் நகத்தால் தகரத்தில் ஒரு சுண்டு சுண்டினான். ‘டக்’. அச்சு அசல் பத்து பைசா விழுகிற ஓசை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த டீச்சருக்குத் தெரிந்திருக்காது. எத்தனை வாரமாக அப்படிச் சுண்டிக்கொண்டிருந்தானோ. அவன் என்னைப் பார்த்தான், நான் குனிந்துகொண்டேன்.

பந்தியும் பட்டியலும்

எங்கள் ஊரில் அசனம் நடக்கும். வருஷத்துக்கு ஒருநாள் கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாக வடித்து, ஓலைப்பாயில் மலைபோலக் குவித்து, ஆட்டுக்கறிக் குழம்போடு ஊருக்கே சோறு. மூட்டை அரிசி கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்காதவரும், கோயிலுக்கு வருகிறவரும் வராதவரும், ஒரே பந்தி. அங்கே யாரும் வாங்குகிறவர் இல்லை. கையில் பட்டியல் வைத்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. இப்படி ஒரு பந்தியை வைத்திருந்த அதே சபைதான் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் பட்டியலையும் போட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

அரசாங்கம் இதில் எங்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது என்று சொன்னால் சபையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 1982-இல் சத்துணவு வந்தபோது வரிசையில் தட்டோடு நின்றவரையெல்லாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. காலை உணவு 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தொடங்கிவைக்கப்பட்டதே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில்தான். எங்கள் பள்ளியிலும் இப்போது காலையில் உப்புமா வாசம் வருகிறது. சீருடை, பை, புத்தகம் எல்லாம் விலையில்லாப் பொருட்கள். ‘இலவசம்’ என்ற சொல்லை மாற்றி ‘விலையில்லா’ என்று எழுதத் தொடங்கியபோது நானும் கேலி செய்தவள்தான். இப்போது அந்தச் சொல்லைக் கண்டால் கொஞ்சம் மரியாதை வருகிறது. விலை எழுதாத பொருளை வாங்குகிறவள் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் போன டிசம்பரில் என்ன செய்தேன்? தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். என் காலத்தில் ஐந்து வகுப்பிலும் ஏறத்தாழ இருநூறு பேர் இருந்தோம். இப்போது மொத்தமே பதினெட்டு. மற்றவர்களைக் காலையில் மஞ்சள் வேன்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. “ரொம்ப அவசியப்பட்ட ஒரு ஐந்து பேரைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன். என் வாயால் சொன்னேன். பட்டியல் கேட்டது நான்தான். பதினெட்டு பேருக்கும் எடுத்திருந்தால் எட்டாயிரத்துச் சொச்சம். அதே மாதம் வீட்டு ஜன்னல் திரைகளுக்கு அதைவிட அதிகமாகச் செலவழித்திருந்தேன்.

படம் வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொன்னேன். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. ஆனால் கூரையில் இருபது ஓடு மாற்ற வேண்டும், கழிப்பறைக்குக் கதவு போட வேண்டும். துபாயில் இருக்கிற அண்ணன்மாரிடம் கேட்டால் போன முறை கொடுத்ததற்குப் படம் எங்கே என்கிறார்கள். அவர்களும் பாடுபட்டுச் சம்பாதிக்கிறவர்கள்தானே, கணக்குக் காட்ட வேண்டாமா?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற சௌகரியம் அந்தப் பெண்மணிக்கு இல்லை. அடுத்த வருடம் பள்ளி இருக்குமா என்பதே அவருக்குக் கேள்வி. நானும் போய் ஓரத்தில் நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

இடமிருந்து இரண்டாவது பெண். நாலாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. படம் எடுக்கும்போது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. உறையின் மூலையில் கடைக்காரர் ஒட்டிய வெள்ளைச் சீட்டு. ஐந்து உறைகளிலும் இருந்தது. வேறு யார் மறந்திருந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது. ஐந்தையும் என் கையால் வாங்கி, என் கையால் பையில் வைத்து, தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் வந்தாள். “டீச்சர்” என்றாள். வெளியூரிலிருந்து சேலை கட்டிக்கொண்டு யார் வந்தாலும் அங்கே டீச்சர்தான்.

“இது நானூற்று நாற்பத்தொன்பது. எல்லாருக்கும் ஒரே விலையா?”

“ஆமாம்” என்றேன்.

அவள் உதடு அசைந்தது. விரல்கள் உறையின்மேல் ஒவ்வொன்றாக மடங்கின.

“அப்படியென்றால் மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து. சரியா?”

சரி என்று தலையாட்டினேன். பிறகுதான் அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாம் என்று கை நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் டீச்சர். அம்மாவிடம் காட்ட வேண்டும்.”